நெல்லியைத் தொடாத ஏழு வருடங்கள்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் சிநேகிதி விமலா வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நான் கராஜில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. நானாகத்தான் போனேன். கையில் காகிதத் தட்டு. புளியோதரை, இரண்டு வடை, தட்டு வளைந்ததில் பாயசத்தோடு கலந்துவிட்ட உருளைக்கிழங்குக் கறி. இன்னும் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். உடையும் சாமான் என்று அதன் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததால் பாதி எடையைக் காலில் தாங்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது.

கராஜ் முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. கதவிடுக்கு வழியாக ஹோமப் புகையும் நெய் வாசனையும் வந்துகொண்டிருந்தன. உள்ளே ஸ்மோக் அலாரம் கத்திவிடக் கூடாதென்று அதற்குப் பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள்.

எதிரே சிமென்ட் தரையில் நெல்லி படுத்திருந்தது. மஞ்சள் நிற லாப்ரடார். முன்னங்கால்களை நீட்டி, அதன் மேல் தாடையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைப் பார்க்கவில்லை. அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

நெல்லி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அது எப்போதும் என் கணவரோடுதான் இருக்கும். நானும் அதுவும் மட்டும் ஓர் இடத்தில் தனியாக இருந்தது அன்றுதான்.

"உனக்கும் பசிக்குமில்ல," என்றேன்.

வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

பதினாலு ஊசி

எனக்கு நாயென்றால் என்ன பயம் என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும்.

வேலூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு தெருநாய் என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஒரு நாளைக்கு ஒன்று. அப்பா சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துத் தினமும் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். போகும்போது அழுவேன். வரும்போது அழக்கூடத் தெம்பிருக்காது. கடைசி நாள் கம்பவுண்டர் எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். அதை வாயில் போடாமல் துப்பினேன் என்று அப்பா பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் போடாததை எப்படித் துப்ப முடியும் என்று நான் கேட்பேன். அப்பாவுக்குக் கதைதான் முக்கியம்.

அதற்கப்புறம் தெருவில் நாய் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். எதிர்ப்பக்கத்திலும் நாய் இருந்தால் யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிடுவேன். கல்யாணமாகி எழுபதுகளின் கடைசியில் சான் ஹோசேவுக்கு வந்தபோது, இங்கே நாய்கள் காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் நாய் இருந்தால் நான் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். எவ்வளவு வெயிலானாலும் சரி.

என் முழங்கை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை இந்தத் தொடரில் எழுதியபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் கணவர் ஏன் ஓட்டவில்லை?" என்று கேட்டிருந்தார்.

அவருக்குக் கண் தெரியாது. முதலில் தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

செங்கல்பட்டில் சின்ன வயதில் அவருக்கு மாலைக்கண் என்றுதான் நினைத்தார்களாம். முருங்கைக்கீரையும் கேரட்டுமாகக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விழித்திரையில் கோளாறு, அதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொன்னார். பக்கவாட்டுப் பார்வை முதலில் போனது. உலகத்தை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

வேலை போகவில்லை. அச்செழுத்தை விரல் நுனியில் அதிர்வாக மாற்றித் தரும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு அவர் புரோகிராம் எழுதினார். கம்பெனியில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து அவர் மேஜை வரைக்கும் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

என் இடது முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நான் அரை அடி முன்னால் நடப்பேன். படி வந்தால் ஒரு நொடி நிற்பேன். வாசல் குறுகலாக இருந்தால் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோவேன், அவர் எனக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். மூன்று வருடம் இப்படி. பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை. என் ரவிக்கைகளின் இடது கை மட்டும் அந்த இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் வேண்டாம்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர், "கோதை, நான் ஒரு கைடு டாக் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்," என்றார்.

"நாயா?"

"உன்னை எத்தனை நாளைக்குத்தான் இழுத்துக்கிட்டே அலையறது."

"நான் எப்பவாவது சலிச்சுக்கிட்டேனா?"

"இல்ல. அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

அன்றைக்கு நான் சண்டை போட்டேன். பதினாலு ஊசியையும் எண்ணிச் சொன்னேன். நாய் வந்தால் நான் வேலூருக்குப் போய்விடுவேன் என்றுகூடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

பயம் பாதிதான். மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை. என் முழங்கை வேலையை ஒரு நாய் எடுத்துக்கொள்ளப்போகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரே ஒரு விதி

சான்ஃபிரான்சிஸ்கோவைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம், வழிகாட்டி நாய்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. அங்கே நாலு வாரம் தங்கி அவர் நெல்லியோடு நடக்கக் கற்றுக்கொண்டார். அமெரிக்கப் பெயர்தான். எங்கள் காதில் அது நெல்லிக்காய்.

கடைசி நாள் விழாவுக்கு என்னை வரச் சொன்னார்கள். நெல்லியைக் குட்டியிலிருந்து ஒன்றரை வருடம் வீட்டில் வைத்து வளர்த்த பெண் மேடைக்கு வந்து, நாயின் வாரை என் கணவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஜேனட் என்று பெயர், மொடெஸ்டோ பக்கம் ஒரு பண்ணை வீட்டுப் பெண், பதினைந்து வயதிருக்கும். வாரைக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஒரு நாய்க்கு இவ்வளவு அழுகையா என்று அப்போது நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நெல்லிக்கு உங்கள் கணவர்தான் எல்லாம் என்று ஆக வேண்டும். சாப்பாடு அவர் கையால்தான். தடவிக் கொடுப்பதும் அவர்தான். நீங்கள் அதைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது.

என் காதில் தேன் வார்த்தது போலிருந்தது. "நோ ப்ராப்ளம்," என்றேன்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், அது ஹாலில் இருந்தால் நான் அடுக்களையில். அது அடுக்களை வாசலுக்கு வந்தால் நான் குளியலறையில். லினோலியத் தரையில் அதன் நகச் சத்தம் டிக் டிக் என்று கேட்டால் என் வயிற்றில், அந்தத் தொப்புளைச் சுற்றித்தான், ஒரு சுருக்கு விழும்.

ஆனால் காலையில் ஒரு காட்சி. அவர் தோல் பட்டையை எடுத்ததும் நெல்லி தானே தலையைக் கொடுக்கும். கைப்பிடியை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டு, "ஃபார்வர்ட்," என்பார். இரண்டு பேரும் நடப்பார்கள். என்னோடு வரும்போது அவர் தோளைச் சற்றுக் குறுக்கித்தான் நடப்பார். நெல்லியோடு நடக்கும்போது நிமிர்ந்து, கையை வீசி, வேலூரில் கல்யாணத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நடந்த மாதிரி நடந்தார்.

ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும் வரை பார்ப்பேன். சந்தோஷம்தான். இருந்தாலும் என் இடது கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பக்கத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

மறுபடி கராஜுக்கு

விமலா வீட்டு வாசலில் நாங்கள் மூவரும் போய் நின்றபோது அவள் முகம் மாறியது. கெட்டவள் இல்லை. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார், ரொம்ப ஆசாரம்.

"சேகர் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள ஹோமம் நடக்குது. அத்தை வேற... நாயை மட்டும் கராஜ்ல விட்டுடலாமா?"

"அதுக்கென்னம்மா, இருக்கட்டும்," என்றார் அவர்.

கராஜில் நெல்லியை உட்கார வைத்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு அப்புறம் அவர் என் முழங்கையைப் பிடித்தார். எனக்குக் கிடைக்க வேண்டிய வெற்றிதான். ஆனால் நடக்க ஆரம்பித்ததும், அவர் பழையபடி தோளைக் குறுக்கிக்கொண்டது என் கையில் தெரிந்தது.

அவரைச் சோபாவில் உட்கார வைத்துத் தட்டைக் கையில் கொடுத்தேன். பத்து மணிக்கு வடை, ரெண்டு மணிக்குக் கறி என்று கடிகார முள் கணக்கில் எது எங்கே இருக்கிறதென்று சொன்னேன். அவரைச் சுற்றி நாலு பேர் கிரீன் கார்டு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் என் தட்டோடு ஒரு மூலையில் நின்றேன். கராஜிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குரைத்திருந்தால், சிணுங்கியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். இருட்டில், தெரியாத வீட்டில், உட்கார் என்று சொன்னதற்காக அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதே என்பதுதான் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அப்படித்தான் அந்த அட்டைப்பெட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

நெல்லியிடம் நிறைய பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு ஹோமம் செய்தவரின் டிஜிட்டல் வாட்ச் மந்திரத்துக்கு நடுவில் கூவியதைச் சொன்னேன். அது காதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டது. பழுப்புக் கண்ணில் கராஜ் பல்பு சின்னதாகத் தெரிந்தது. அதன் நெற்றியில் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதில் ஒரு விரலை வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

விதி ஞாபகம் வந்தது. கையைத் தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கராஜிலிருந்த இரண்டாவது ஃப்ரிட்ஜில் கோக் எடுக்க விமலா வந்தாள். விளக்கைப் பார்த்து, என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஐயோ, இங்கயா உட்கார்ந்து சாப்பிடறீங்க?"

"இதுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல."

"உங்களுக்கு நாய்னா பயமாச்சே."

"ஆமா."

அவள் உள்ளே போனாள். காகிதக் கோப்பையில் பாயசத்தோடு திரும்பி வந்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெட்டியின் மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். "அத்தை அடுத்த மாசம் ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் வாங்க, உள்ளயே கூட்டிட்டு வாங்க," என்றாள். அதன்படியே செய்தாள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் அவர் கேட்டார். "எங்க போயிருந்த? ரொம்ப நேரம் குரலே கேக்கல."

"விமலாகூடப் பேசிட்டிருந்தேன்."

அவ்வளவு சண்டை போட்டுவிட்டு, ஐந்தே மாதத்தில் அந்த நாயோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று சொல்லாததை அப்புறம் சொல்லச் சந்தர்ப்பமே வரவில்லை. ஒருநாள் தள்ளிப்போனால் ஒரு வருடம் தள்ளிப்போய்விடுகிறது.

மேஜைக்கு அடியில்

இப்படி ஏழு வருடம்.

அவர் காதில் விழும்படி நான் நெல்லியை "அது" என்றுதான் சொல்வேன். "உங்க நாய் வழியில படுத்திருக்கு" என்பேன். ஆனால் நெல்லியைப் பற்றி எனக்கு நூறு விஷயம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் மிளகாய் தாளித்தால் நெல்லி மூன்று தும்மல் தும்மும், இரண்டோ நாலோ கிடையாது. ஐஸ்கட்டி தரையில் விழுந்தால் அதை ஓர் உயிருள்ள பிராணி மாதிரி மூக்கால் தள்ளித் தள்ளிப் போகும். மாலையில் பட்டையைக் கழற்றியதும் மூக்கிலிருந்து வால் வரை ஒரு உதறல், அதோடு அலுவலகம் முடிந்தது. தூக்கத்தில் ஓடும்.

சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். சில நாள் தாடையை என் பாதத்தின் மேல் வைக்கும். நான் அதைத் தொட்டால்தான் விதியை மீறினது. அது என்னைத் தொட்டால் இல்லை. இப்படி ஒரு நியாயம் பண்ணிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கால் மரத்துப் போகும். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இன்னுமா சாப்பிடற?" என்பார். "மெதுவா சாப்பிட்டாத்தான் ஜீரணமாகும்," என்பேன்.

எட்டாவது வருடம் நெல்லி பஸ் படியில் ஏறத் தயங்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. முகவாய் வெளுத்திருந்தது. பள்ளியிலிருந்து வந்து பார்த்தவர், இனி ஓய்வு கொடுக்க வேண்டும், அடுத்த மாதமே புது நாய் தருகிறோம் என்றார்.

ஓய்வு பெற்ற நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வளர்த்தவர்கள் கேட்டால் அவர்களிடம் கொடுக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டின்போது அவர் சொன்னார். "ஜேனட்டுக்கு போன் பண்ணினேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம், சொந்தமா வீடு, பின்னாடி பெரிய யார்டு. நெல்லியைக் குடுக்கறேன்னதும் போன்லயே அழுதுட்டா. சனிக்கிழமை வர்றா."

என் காலின் மேல் தாடை இருந்தது.

"சரி," என்றேன்.

வெள்ளிக்கிழமை

அன்று நூலகத்தில் ஒரு வண்டிப் புத்தகத்தை முழுக்கத் தப்பான வரிசையில் அடுக்கிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் இறக்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போட்டேன். அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அவளை அனுப்ப வேணாம்."

"யாரை?"

"நெல்லியை."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவளையா? இத்தனை வருஷமா அதுன்னுதானே சொல்லிட்டிருந்த?"

"நீங்க இருக்கறப்ப."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கராஜ், பாதம், மூன்று தும்மல். நெல்லி பெயர் வரும்போதெல்லாம் ஹாலில் வால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் உனக்காகத்தான் கோதை ஜேனட்டைக் கூப்பிட்டேன்," என்றார் கடைசியில். "ஏழு வருஷம் எனக்காகப் பொறுத்துக்கிட்டியேன்னு நினைச்சேன். புதுசா ஒண்ணு வேற வருது. ரெண்டையும் உன் தலையில கட்டறது நியாயமில்லைன்னு பட்டுது. நீ அவளைத் தொட்டு ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே. தொட்டா எனக்குச் சத்தம் தெரியும்."

"தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"அது முதல் ஆறு மாசத்துக்குத்தான்."

நான் அவரையே பார்த்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, வா வந்து தொடுன்னு உன்னைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். பயந்தவகிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. அவர் மேஜைக்கு மேல் கையை நீட்டித் தேடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் போய்த் தொடேன்," என்றார்.

"மாட்டேன். ஜேனட்கிட்டப் பேசணும். அவளுக்கு வாக்கு குடுத்தாச்சு. தொட்டுட்டா அப்புறம் என்னால குடுக்க முடியாது."

மொடெஸ்டோவுக்கு போன் போட்டோம். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை மறுபடி போட்டபோது அவள் புருஷன் எடுத்து, ஜேனட் விடிந்ததுமே கிளம்பிவிட்டாள் என்றான்.

சனிக்கிழமை

நீல நிறப் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. பதினைந்து வயதில் பார்த்த பெண் இப்போது அகலமான தோளும் வெயிலில் கறுத்த முகமுமாக இறங்கினாள். வாசலில் மண்டியிட்டு, "நெல்லி" என்றாள், ரொம்ப மெதுவாக.

நெல்லி தலையைத் தூக்கிக் காற்றை மோந்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏழு வருடத்தில் நான் கேட்டறியாத, குட்டி நாய் போடுகிற மாதிரி ஒரு முனகல். இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ, உடம்பே வாலாகி ஆட, போய் ஜேனட்டின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவளை உள்ளே வரச் சொன்னேன்.

காபி கொடுத்தேன். ஜேனட் குட்டிக் காலத்துப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள், ஓரமெல்லாம் கடித்துக் குதறியது. இவள் என்ன சாப்பிடுகிறாள், இடிக்குப் பயப்படுகிறாளா என்று கேட்டாள். என் கணவர் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். அவர் எனக்காகப் பேசப்போவதில்லை என்று புரிந்தது.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் ஆங்கிலம் அன்றைக்கு என்ன லட்சணத்தில் இருந்ததோ, தமிழில் எழுதிவிடுகிறேன்.

"ஜேனட், நீ இவ்வளவு தூரம் வந்திருக்கே. என்னை மன்னிச்சிடு. எனக்கு இவ வேணும்."

அவள் என் கணவரைப் பார்த்தாள், பிறகு என்னை. "நீங்க நாய்னா பயப்படுவீங்கன்னு இவர் சொன்னாரே."

"பயந்தேன்."

"நான் இவளைக் குடுத்தப்ப கண் தெரியாத ஒருத்தருக்கு இவ வேணும்னு சொன்னாங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப இவருக்கு வேற நாய் வரப்போவுது. இப்ப நான் என்னன்னு சொல்லிக்கிட்டுக் குடுக்கறது?"

"எங்கிட்ட அந்த மாதிரிக் காரணம் எதுவும் இல்ல. எனக்கு வேணும், அவ்வளவுதான்."

ஜேனட் எழுந்து வெளியே போனாள். பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நெல்லி ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே நின்றாள். கால் மணி நேரம் கழித்து ஜேனட் திரும்பி வந்து, "ஒரு மணி நேரம் இவளை வெளியே கூட்டிட்டுப் போகலாமா?" என்றாள்.

போனார்கள். ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. இரண்டரையாயிற்று. "வந்துடுவா," என்றார் என் கணவர். கொஞ்ச நேரம் கழித்து, "வரலைன்னாலும் கேக்க முடியாது," என்றார். நான் வாஷிங் மெஷினில் துவைத்த துணியையே மறுபடி போட்டேன்.

பிக்கப் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்டது.

ஜேனட் முழங்கால் வரையிலும், நெல்லி முழுக்கவும் நனைந்து வந்தார்கள். எங்கேயோ ஓடையைப் பார்த்திருக்கிறார்கள். ஜேனட்டின் கண் சிவந்திருந்தது.

"தண்ணில விட்டேன். சின்னப் பிள்ளையில ரொம்பப் பிடிக்கும்," என்றாள். வாரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். "கிறிஸ்துமஸுக்கு போட்டோ அனுப்புங்க. ஒவ்வொரு வருஷமும்."

போர்வையை விட்டுவிட்டுப் போனாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை நெல்லி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய துண்டை எடுத்து வந்து நெல்லியைத் துடைத்தேன். முதலில் துண்டோடு, கால், வயிறு, முதுகு. பிறகு துண்டைக் கீழே வைத்தேன். நெற்றியில் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன். நான் நினைத்திருந்ததைவிட ஆழமில்லை. காது, நான் நினைத்திருந்ததைவிட மெத்தென்றிருந்தது. ஈர நாயின் வாசனை என் புடவையெல்லாம் ஏறியது. அவள் முழு பாரத்தையும் என் மேல் சாய்த்தாள். சமாளிக்க முடியாமல் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சோபாவிலிருந்து என் கணவர், "இப்ப சத்தம் கேக்குது," என்றார்.

பிறகு

அடுத்த மாதம் கறுப்பு நிறத்தில் பேட்ரிக் வந்தான். முதல் சில வாரம், அவர் பேட்ரிக்கோடு கிளம்பும்போது நெல்லி வாசல் வரை போய்த் தலையைத் தாழ்த்திக் காத்திருப்பாள். கதவு சாத்தியதும் அங்கேயே படுத்துக்கொள்வாள். அதைப் பார்க்க முடியாமல் என் நூலக வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் இந்தப் பக்கம் நடக்கப் போவோம்.

மெதுவாகத்தான். இரண்டு தெரு போக அரை மணி நேரம் ஆகும். இரண்டரை வருடம் அப்படி நடந்தோம். அவள் போன நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்த முதல் மாதத்தில் ஒருநாள், மூன்றாவது வீட்டு அம்மாள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் கணவரோடு நெல்லி போவதைப் பல வருடம் பார்த்தவர். என் கையில் வார் இருப்பதைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தினார்.

"இப்ப உனக்கு வேலை செய்யறாளா?" என்று கேட்டார்.

நெல்லி அவர் புல்வெளி ஓரத்தில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"இல்ல," என்றேன். "சும்மா என்கூட வர்றா."